கணக்குத் துறையிலிருந்து ஒருவர்

வதினா,

இன்று காலை பீரோவின் அடித்தட்டிலிருந்து எங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்தேன். துணிப்பையின் முடிச்சை அவிழ்த்ததுமே வசம்பும் பழங்காகிதமும் கலந்த வாசனை எழுந்தது. அது உங்கள் வீட்டு முன்னறையின் வாசனை. பூச்சி அண்டாமலிருக்க ஒவ்வொரு பத்திரக் கட்டிலும் ஒரு துண்டு வசம்பு வைப்பீர்களே, எங்கள் பைக்குள்ளும் ஒன்று வைத்திருக்கிறீர்கள். இத்தனை வருஷமாக அது அங்கே கிடந்தது எனக்குத் தெரியாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து நெருப்பையும் அணைத்துவிட்டது.

மாடியில் ஓர் அறை கட்டலாம் என்று இவர் சொல்கிறார். கடன் கேட்டால் வங்கியில் பழைய பத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். மேலே தெலுங்குப் பத்திரம். கீழே அதன் தமிழ், உங்கள் கையெழுத்தில். வரி கோணாமல், ஓர் அடித்தல் இல்லாமல், ழகரத்தின் வாலை மட்டும் ஆசையாக நீட்டி எழுதியது. அதிகாரி முழுவதும் படித்தார். தமிழ் சுத்தமாக இருக்கிறது, ஆனால் மொழிபெயர்த்தது யார் என்று எங்கேயும் போடவில்லையே என்றார். பக்கத்து வீட்டம்மா என்றேன். சிரித்துவிட்டார். பேரும் முத்திரையும் இருக்கிறவரிடம் புதிதாக எழுதி வாங்கி வாருங்கள் என்றார்.

வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு கூடவே வந்தது. கோபம் வரவில்லை. கேட்டால் நீங்களும் சிரித்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்ததும் என் வாய் உங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி "வதினா" என்று கூப்பிட்டுவிட்டது. மதில்சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அணில் ஓடியது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் இந்த வீட்டை வாங்கியது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அறுபதுக்கு முன்னால் திருத்தணி ஆந்திரத்தோடு இருந்த காலத்து மூலப் பத்திரங்களெல்லாம் தெலுங்கில்தான் இருக்கும். அதுவும் பழைய பத்திர நடை, கூட்டெழுத்து. தெலுங்கு பேசுகிறவர்களே திருதிருவென்று விழிப்பார்கள். உங்கள் வீட்டுக்காரர் பதிவு ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவர். வெளியே அவர் எழுதினார், உள்ளே நீங்கள் படித்தீர்கள். ஊருக்கு அவர் பேர் தெரியும். பழைய எழுத்தைப் படித்துப் பொருள் சொன்னது நீங்கள் என்று யாருக்கும் தெரியாது. நீங்களும் சொன்னதில்லை.

எங்கள் பத்திரத்தைப் படித்த அன்று மதில்சுவரோரம் வந்து நின்று என்னைக் கூப்பிட்டீர்கள். "தெற்கே எங்க மாமனார் வீடுன்னு போட்டிருக்குது. அப்போ நீங்க எனக்கு இன்னா ஆவணும்?" என்று கேட்டுவிட்டு, நீங்களே யோசித்து, "வதினான்னு வெச்சிக்கலாம்" என்றீர்கள். அண்ணியை உங்கள் வீட்டுத் தெலுங்கில் அப்படித்தான் சொல்வார்கள். யார் யாருக்கு அண்ணி என்று முறை பார்க்காமல் நாம் இரண்டு பேருமே ஒருவரையொருவர் வதினா என்று கூப்பிட்டுக்கொண்டோம். கேட்கிறவர்கள் குழம்பினார்கள். நாம் குழம்பவில்லை.

மாசக் கிருத்திகைக்குச் சேர்ந்து மலை ஏறுவோம். படி ஏறும்போது உங்களுக்குப் பேச்சு வராது, எனக்கு நிற்காது. சன்னிதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் பேரும் நட்சத்திரமும் கேட்பார். நான் தொடங்கினால் இவர், பையன், மாமியார், நாத்தனார் குடும்பம், அரக்கோணத்தில் இருக்கும் என் தம்பி குடும்பம் என்று போய்க்கொண்டே இருக்கும். பின்னால் நிற்கிறவர்கள் முனகுவார்கள். உங்கள் முறை வந்தால் "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று நகர்ந்துவிடுவீர்கள். உங்களுக்கென்று ஒன்றும் கேட்க வேண்டாமா என்று ஒருமுறை இறங்கும்போது கேட்டேன். "நீங்கதான் தெருவையே ஒப்பிச்சீங்களே. அந்தத் தெருவுல நானும்தானே இருக்கறேன்" என்றீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர் போன பிறகு ஜனங்கள் நேரே உங்கள் வாசலுக்கே வந்தார்கள். ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து பாகப்பிரிவினைக்காரர்கள், பஸ் ஏறி, மஞ்சள் பையில் பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டு. சில வருஷம் நன்றாகவே போயிற்று. பிறகு வருகிறவர்கள் குறைந்தார்கள். எழுதி வாங்க வேண்டியவர்கள் வாங்கி முடித்துவிட்டார்கள் போல. வாரக்கணக்கில் உங்கள் முன்னறையில் ஆள் அரவம் இருக்காது. நீங்கள் பழைய கட்டுகளைப் பிரித்துத் தூசு தட்டித் திரும்பக் கட்டுவீர்கள்.

நகரியிலிருந்து உங்கள் தம்பி வந்துபோகத் தொடங்கினார். நல்ல மனுஷன்தான். வரும்போதெல்லாம் மாம்பழமோ வெல்லமோ கொண்டுவருவார். போகும்போது ஒரே பேச்சு: வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிடு. அவர் போனதும் நீங்கள் சுவரருகே வந்து நிற்பீர்கள். "அங்க போனா எனக்கு சோறு இருக்கும் வதினா. வேலை இருக்காது. அவன் பொண்டாட்டி நல்லவதான், உட்காருங்கன்னுதான் சொல்லுவா. உட்கார்ந்துகினே இருக்கறதுக்கு நான் இன்னா ஊறுகா ஜாடியா?" கடைசியில் தம்பியிடம் ஒரு தவணை சொன்னீர்கள். வருகிற ஆடிக் கிருத்திகை வரைக்கும் பார்க்கிறேன், வேலை வந்தால் இருப்பேன், வராவிட்டால் சாவியை உன் கையில் கொடுக்கிறேன் என்று.

அப்போதுதான் பெங்களூரிலிருந்து என் பையன் போனில் அந்த இணையதளத்தைப் பற்றிச் சொன்னான். உத்தியோகம் பார்க்கிறவர்களெல்லாம் தங்களைப் பற்றி எழுதி வைப்பார்களாம். ஒருவரையொருவர் தெரிந்துகொள்வார்களாம். வேலை நம்மைத் தேடி வருமாம். எட்டாவதோடு நின்றவள் நான். பொட்டலம் கட்டி வந்த இங்கிலீஷ் பேப்பரைப் பிரித்துப் பிரித்துப் படித்து, அகராதி வைத்து, எப்படியோ கற்றுக்கொண்டிருந்தேன். பையனின் பரீட்சை முடிவு பார்க்கப் போய்ப் போய் பஜார் தெரு பிரௌசிங் சென்டரில் கம்ப்யூட்டரும் பழகியிருந்தது. அதனால் அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமைதோறும் பதினோரு மணிக்குப் போவேன். முருகனுக்கு உகந்த நாள், தொடங்கியது விளங்கும் என்று ஒரு நம்பிக்கை.

படிவத்தை நிரப்பியது ஒரு பெரிய கதை. ஒவ்வொரு கேள்வியையும் தாளில் எழுதிவந்து உங்களிடம் கேட்பேன். நிறுவனத்தின் பேர் என்ன என்றால் வீடு என்றீர்கள். பதவி என்ன என்றால் "படிக்கத் தெரியும்னு போடுங்க." சாதனை என்ன என்று கேட்டபோது மட்டும் கொஞ்சம் யோசித்தீர்கள். "இதுவரைக்கும் ஒரு பத்திரத்துலயும் எல்லையைத் தப்பா எழுதினதில்லை." நான் அதற்குள்ளாக, பழந்தெலுங்கு ஆவண நிபுணர் என்று எழுதி வைத்திருந்தேன். அது உங்களுக்குப் பிடிக்கவில்லை.

"நிபுணர்னு யார் சொல்றது?"

"நீங்கதான் சொல்லணும் வதினா. அங்க எல்லாரும் அப்டித்தான் சொல்லிக்கிறாங்க."

"நானே சொன்னா அது எப்படி சாட்சி ஆவும்? பத்திரத்துல எழுதிக் கொடுக்கறவன் வேற, சாட்சி போடறவன் வேற. ரெண்டும் ஒரே கையா இருந்தா அந்தப் பத்திரம் செல்லாது."

அதற்கும் அந்தத் தளத்தில் வழி இருந்தது. வேறொருவர் நமக்காகச் சிபாரிசு எழுதலாம். ஆனால் எழுதுகிறவருக்கும் ஒரு பக்கம் இருக்க வேண்டுமாம். சரி என்று எனக்கும் ஒன்று திறந்தேன். உன் தொழில் என்ன என்று கேட்டு ஒரு நீளமான பட்டியலைக் காட்டியது. அதில் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள் என்று எதுவும் இல்லை. தொழில் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவும் விடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நோட்டுப் போட்டுப் பால், தயிர், மழை, விருந்து என்று எல்லாவற்றையும் எழுதிவருகிறேனே என்று கணக்குத் துறை என்பதை அழுத்தினேன். திருத்தணியும் பட்டியலில் இல்லை. சென்னைப் பகுதி என்று அதுவே போட்டுக்கொண்டது. பிறகு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் உங்களுக்குச் சாட்சி எழுதினேன்: மற்றவர்களால் படிக்க முடியாததை இவர் படிப்பார், இவர் சொல்லும் எல்லை தப்பாது. அவ்வளவுதான். அதற்கே எனக்கு வியர்த்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் ஒரே வழக்கம். முதலில் என் பக்கத்தின் வழியாகப் போய் உங்கள் பக்கத்தைப் பார்ப்பேன். கோலம் போட்டு முடித்துவிட்டுத் தெருவில் இறங்கி நின்று பார்ப்போமே, அதுபோல, வெளியாள் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று. பிறகு அதை மூடிவிட்டு உங்கள் பேரில் உள்ளே போவேன். இந்த வாரம் உங்களை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அங்கே ஒரு மூலையில் இருக்கும்.

முதல் வாரம் மழை, எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவந்தேன்; யாருமில்லை. இரண்டாவது வாரம் ஒருவர். கணக்குத் துறை, சென்னைப் பகுதி என்று மட்டும் காட்டியது. பேர் தெரிய வேண்டுமானால் பணம் கட்டு என்றது. ஓடிவந்து உங்களிடம் சொன்னேன். "பேருக்கா பணம்? வாணாம். ஆள் நல்லா இருந்தா போதும்" என்றீர்கள். ஆனால் உங்கள் முகம் விரிந்ததை நான் பார்த்தேன்.

அடுத்த வாரமும் அவர் வந்தார். அதற்கடுத்த வாரமும். மாசி போய்ப் பங்குனி வந்தது. சாயங்காலங்களில் சுவரின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு நாம் அந்த மனிதருக்கு ஒரு வாழ்க்கை கட்டினோம். நீங்கள் அவருக்கு மயிலாப்பூரில் ஒரு பழைய ஆபீஸ் கொடுத்தீர்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் கொடுத்தீர்கள். டிபன் டப்பாவில் எலுமிச்சை சாதம் வைத்தீர்கள். அவருடைய முதலாளிக்கு ஏகப்பட்ட நிலம், எல்லாம் தெலுங்குப் பத்திரம், அதைப் படிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார் என்று நான் சொன்னேன். "மூக்குக்கண்ணாடியை நெத்தி மேல ஏத்திகினு, கண்ணாடியைக் காணோம்னு மேஜையெல்லாம் தேடுவாரு பாருங்க" என்றீர்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மலைமேல் விளக்குப் போடும் நேரம். அந்த வெளிச்சத்தில் ஊரே கொஞ்சம் தரையை விட்டு மேலே நிற்பதுபோல இருக்கும். எங்கேயோ ஒருவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு, தூரத்தில் போகிற ரயில் சத்தம்போல, இருந்துகொண்டே இருந்தது.

மற்றபடி அந்தத் தளம் எனக்குத் தலைவலிதான். தெரியாத ஆட்கள் நண்பராக வா என்பார்கள். வந்தால் இன்சூரன்ஸ் எடு என்பார்கள். ஒருவர் தினமும் காலையில் தன் வெற்றியின் ரகசியம் எழுதுவார். இன்னொருவர் விருது வாங்கியதை மிகுந்த தாழ்மையோடு தெரிவித்துக்கொள்கிறேன் என்று நான்கு படத்தோடு போட்டிருந்தார். உங்களுக்குப் படித்துச் சொன்னேன். "தாழ்மைன்னு சொல்லிகினே ஏணி வெச்சி ஏறறாரே" என்றீர்கள். மலைப்படியில் உபயக்காரர்கள் பேர் வெட்டியிருப்பதை அன்றைக்குத்தான் சொன்னீர்கள். "அது நல்ல ஏற்பாடு வதினா. பேரைப் போட்டுக்கோ, ஆனா ஜனம் மிதிக்கட்டும்னு வெச்சிருக்காங்க. உங்க கம்ப்யூட்டர்ல மிதிக்கக்கூட ஆள் வரலையே."

சித்திரையில் ஆள் வந்தது. ஹைதராபாதில் மொழிபெயர்ப்பு நிறுவனம் நடத்துகிறவராம். உங்களைப்போல ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருந்தார். ஒரு பத்திரத்தின் படத்தை அனுப்பினார், பதினான்கு பக்கம். மாதிரிக்கு இதைத் தமிழில் எழுதி அனுப்புங்கள், பிடித்திருந்தால் மாதாமாதம் வேலை என்றார். நான்கு நாள் நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. புதுப் பேனா வாங்கிவரச் சொன்னீர்கள். அந்தப் பதினான்கு பக்கத்திலும் உங்கள் ழகரம் வாலை நீட்டிக்கொண்டு துள்ளியது. பிரௌசிங் சென்டரில் ஒவ்வொரு தாளாகப் படம் பிடித்து அனுப்பினேன்.

பதில் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். நான் கேட்டு எழுதியதற்கும் பதில் இல்லை. மூன்றாவது செவ்வாய் அவருடைய பக்கத்துக்கே போய்ப் பார்த்தேன். ஓர் அரிய பழந்தெலுங்கு ஆவணத்தைத் தமிழாக்கி முடித்ததில் பெருமைப்படுகிறேன், பல மாத உழைப்பு என்று எழுதியிருந்தார். கீழே படம். உங்கள் கையெழுத்து. உங்கள் வால் நீண்ட ழ. நூற்றுக்கும் மேலே பேர் அவரை வாழ்த்தியிருந்தார்கள். இதை எழுதியவர் வேறொருவர் என்று நானும் கீழே எழுதினேன். கொஞ்ச நேரத்தில் நான் எழுதியது மட்டும் அங்கே இல்லை.

அன்று நேரே உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தீர்கள். சொன்னேன். முறத்தை நிறுத்தவில்லை.

"எழுத்து தெளிவா தெரியுதா?"

"தெரியுது வதினா."

"நிறைய பேர் பார்த்தாங்களா?"

"ஆங். நூறு பேருக்கு மேல."

முறத்தை வைத்துவிட்டீர்கள். அரிசியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டீர்கள். பிறகு, "மூடிடுங்க அந்தக் கடையை" என்றீர்கள். நான் எழுந்தபோது, "இருங்க. அந்தக் கணக்குக்காரர் பாவம். வாரா வாரம் தேடிகினு வர்றவரு. மூடினா எங்க போவாரு?" என்றீர்கள். அவருக்காக மட்டும் திறந்து வைப்பதென்று முடிவாயிற்று. ஆடிக் கிருத்திகைக்கு இரண்டரை மாசம் இருந்தது.

இனிமேல் எழுதப்போவதுதான் நான் உங்களிடம் மறைத்தது.

அந்த ஆனியில் ஒரு மத்தியானம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமைகளுக்கு நேராக ஒரு பக்கம் நான் அங்கே இருந்த நேரம், இன்னொரு பக்கம் உங்களைப் பார்த்தவர் எண்ணிக்கை. ஒரு மணி நேரம், ஒருவர். ஒரு மணி நேரம், ஒருவர். அரை மணி, யாருமில்லை. மழை வந்த நாட்களில் கொடியில் துணி நனையுமே என்று நான் அரை மணியில் ஓடிவந்துவிடுவேன். வெளியாளாக நின்று பார்ப்பதை விட்டுவிட்டு நேரே உங்கள் பேரில் போய் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வந்திருப்பேன். அந்த வாரங்களில் எல்லாம் யாருமில்லை. விரல் வைத்து மேலிருந்து கீழே வந்தேன். ஒரு வரிகூடத் தப்பவில்லை. கணக்குத் துறை. சென்னைப் பகுதி.

மயிலாப்பூர் ஆபீஸும் இல்லை, வேப்பமரமும் இல்லை, எலுமிச்சை சாதமும் இல்லை. ஐந்து மாசமாக உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

எழுந்து சுவர்வரைக்கும் வந்தேன். நீங்கள் செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். சொன்னால் அன்றைக்கே தம்பிக்குப் போன் போட்டுவிடுவீர்கள் என்று தெரியும். சொல்லாவிட்டால், இல்லாத ஒருவரை நம்பி நீங்கள் வாழ்க்கையை நிறுத்தி வைக்கிறீர்கள். "இன்னா வதினா?" என்றீர்கள். உப்பு இருக்கிறதா என்று கேட்டேன். என் வீட்டில் ஜாடி நிறைய உப்பு இருந்தது.

அடுத்த செவ்வாய் மழை. துணி நனைந்தால் நனையட்டும் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். முன்பு தெரியாமல் செய்ததைத் தெரிந்தே செய்தேன். ஒருவர் என்று வந்து சொன்னேன். "மழையிலயா?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். நீங்கள் மலையைப் பார்த்துக்கொண்டு சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பின் பொருள் அன்று எனக்குத் தெரியவில்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. தெருவெல்லாம் பூக்காவடி, சாமந்தி வாசனை, அரோகரா. உங்கள் தம்பி வேனோடு வந்திருந்தார். சாமி பார்த்துவிட்டு அப்படியே சாமான்களை ஏற்றிக்கொண்டு போகலாம் என்று. நான் உங்கள் சமையலறையில் அவருக்கு மோர் கலக்கிக்கொண்டிருந்தேன். முன்னறையில் நீங்கள் பேசியது கேட்டது.

"வேலை வந்துச்சா அக்கா?"

"வரலை."

"அப்புறம் இன்னா? பொறப்படு."

"ஒருத்தர் பார்த்துகினே இருக்காங்கடா. வாரம் தவறாம. அவங்களை வுட்டுட்டு எப்படி வர்றது?"

மோர்ச்சொம்பைக் கீழே வைத்தேன். அந்த நிமிஷம் வெளியே வந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முருகா என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். வேன் வந்த மாதிரியே திரும்பிப் போயிற்று, மாம்பழக் கூடையை மட்டும் இறக்கிவிட்டு.

அதன் பிறகு நீங்கள் இங்கேயே இருந்தீர்கள். அந்தத் தளத்திலிருந்து கடைசிவரை ஒரு வேலையும் வரவில்லை. எப்போதாவது மஞ்சள் பையோடு யாராவது வருவார்கள். அரக்கோணம் வக்கீல் ஒருவர் இரண்டு கட்டு கொடுத்தார். அரைவயிறும் கால்வயிறுமாகப் போனது. ஆனாலும் உங்கள் முன்னறையில் நீங்கள் பேனாவோடு உட்கார்ந்திருந்தீர்கள். நான் செவ்வாய்க்கிழமை போய்வந்தேன். நான் உங்களுக்குச் செய்தது நல்லதா, பாவமா என்று ஒவ்வொரு கிருத்திகைக்கும் மலைமேல் கேட்டேன்.

போன வருஷம் உங்களுக்கு உடம்பு படுத்தியபோது தனியாக மலை ஏறினேன். குருக்கள் பேரும் நட்சத்திரமும் கேட்டார். பேர் சொல்லிவிட்டேன். நட்சத்திரம் தெரியவில்லை. எத்தனை படிவக் கட்டங்களில் உங்களைப் பற்றி எழுதியவள் நான். பிறந்த நட்சத்திரத்தை அந்தத் தளமும் கேட்கவில்லை, நானும் கேட்டதில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு விழித்தேன். அவரே பார்த்து, சாமி பேருக்கே பண்ணிடறேன் என்றார். உங்கள் வழிதான் கடைசியில்.

திருவள்ளூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முன்னறையில் படுத்திருந்தீர்கள். நான் பக்கத்திலேயே இருந்தேன். மூன்று செவ்வாய் பிரௌசிங் சென்டருக்குப் போகவில்லை. ஒரு மத்தியானம், தூங்குகிறீர்கள் என்று நினைத்து விசிறிக்கொண்டிருந்தபோது கண்ணைத் திறக்காமலே கேட்டீர்கள்.

"இந்த மாசம் அவர் வரலையே."

"யாரு வதினா?"

"மெட்ராஸ்காரர்."

என்னால் அடக்க முடியவில்லை. "வதினா, அது வந்து..." என்று தொடங்கினேன். நீங்கள் கையைத் தூக்கி நிறுத்தினீர்கள்.

"தெரியும். நீங்கதான்."

விசிறி என் மடியில் விழுந்தது. நீங்கள் மெல்ல, நிறுத்தி நிறுத்திச் சொன்னீர்கள். "நிலத்துக்குப் பேரா இருக்குது? நாலெல்லை சொன்னா எந்த நிலம்னு தெரியாதா எனக்கு? கணக்கு எழுதறவங்க. மெட்ராஸ் பக்கம். செவ்வாக்கிழமை. மழை பேஞ்சா வரமாட்டாங்க. மயிலாப்பூர்ல குந்திகினு இருக்கறவருக்குத் திருத்தணி மழை இன்னா பண்ணும்?"

அப்போதுதான் கையை நெற்றிக்குக் கொண்டுபோனேன். என் மூக்குக்கண்ணாடி அங்கே இருந்தது. பங்குனி மாசத்துச் சாயங்காலத்திலேயே நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். நான்தான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

"அப்போ தம்பிகிட்ட அன்னைக்கி..."

"பொய் சொன்னனா? ஒருத்தர் பார்த்துகினுதானே இருந்தாங்க. வாரம் தவறாம."

தண்ணீர் கேட்டீர்கள். கொடுத்தேன். அந்த வாரமே போய்விட்டீர்கள். தம்பி வந்து எல்லாம் முறையாகச் செய்தார். வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். செம்பருத்திக்குச் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்தே நான் தண்ணீர் ஊற்றுகிறேன்.

வங்கி சொன்னபடி முத்திரைக்காரர் ஒருவரிடம் எழுதக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அவர் பேருக்குக் கீழே நிபுணர் என்று பலகையில் போட்டிருக்கிறது. நன்றாகவே எழுதுவார். வங்கிக்கு அது போகட்டும்.

செவ்வாய்க்கிழமை இன்னும் போகிறேன். வெளியாளாக நின்று உங்கள் பக்கத்தைப் பார்க்கிறேன். உள்ளே போய் எத்தனை பேர் என்று பார்ப்பதில்லை. நோட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து நான் எழுதாமல் விட்ட ஒரே கணக்கு அதுதான்.

பையை முடிச்சுப் போடுவதற்கு முன்னால் உங்கள் தமிழின் அடியில், அதிகாரி விரல் வைத்துக் காட்டிய அந்த வெற்றிடத்தில், பென்சிலால் உங்கள் பேரை எழுதப் போனேன். முதல் எழுத்தோடு நிறுத்தி அழித்துவிட்டேன். உங்களுக்குப் பிடிக்காது. பத்திர நடையிலேயே எழுதினேன், எல்லை தப்பாமல்:

இதை எழுதியவருக்கு மேற்கே மலை. கிழக்கே ரயில் பாதை. தெற்கே நான் இன்னும் பார்க்காத இடம். வடக்கே, மதில்சுவருக்கு இந்தப் பக்கம், ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.